முன் இருக்கையின் முதுகில் ஒரு காலணித் தடம்

அந்தத் தடத்தை ஒரு சனிக்கிழமை காலையில் காரைக் கழுவும்போது பார்த்தேன். முன்பக்க இருக்கையின் முதுகில், கீழிருந்து இரண்டு சாண் உயரத்தில், என் மகளின் காலணி பதிந்திருந்தது. அவள் காலணியின் அடியில் மூன்று சின்ன நட்சத்திரங்கள் உண்டு. மூன்றும் மண்நிறத்தில் தெளிவாக இருந்தன. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது மாதம். அவளுடைய குழந்தை இருக்கையைக் காரின் பின்சீட்டில் பின்னோக்கிப் பொருத்தியிருந்தேன். கார் முன்னால் போகும். அவள் பின்கண்ணாடியைப் பார்த்தபடி போவாள். அப்படி உட்காருகிறவளின் கால் எட்டுவது பின்சீட்டின் சாய்மானத்தைத்தான். அங்கே தடங்கள் நிறைய இருந்தன, அவற்றில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முன் இருக்கையோ அவள் தலைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே அவள் கால் பட வேண்டுமானால், யாரோ இருக்கையை முன்னோக்கித் திருப்பியிருக்க வேண்டும். அந்த யாரோ நான் இல்லை.

சந்தேகப்படுவதுதான் என் வேலை. ரவாங்கில் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வந்திறங்கும் பெட்டிகளின் மேல் ஒட்டியிருப்பதும் கூடவே வரும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறேன். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். லோரி ஓட்டுநர்கள் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், பத்து வயதிலேயே எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் ஆபீஸ் கடிதங்களை எல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். மருந்துப் புட்டியின் மேல் இருப்பதைப் படிப்பதும் நான்தான். அதனால் குழந்தை இருக்கையோடு வந்த கையேட்டை ஆங்கிலத்தில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பதற்காக மூன்றாம் முறையும் படித்தேன். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை முன்னோக்கி வைக்கக் கூடாது என்று கையேடு கறாராகச் சொன்னது. அதற்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. நூற்றைந்து சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பின்னோக்கியே வைக்கலாம், முன்னோக்கியும் வைக்கலாம். ‘கூடாது’ முடிந்து ‘லாம்’ தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் அந்த ‘லாம்’ வந்த பிறகுதான்.

நான் திருப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சின்னப் பிள்ளையின் தலை கனம், கழுத்து மெலிது. கார் திடீரென்று நின்றால் தலை முன்னால் பாயும். பின்னோக்கி இருந்தால் முதுகு முழுவதையும் இருக்கை தாங்கிக்கொள்ளும். இவ்வளவுதான் காரணம். ஆனால் கேட்காதவர்களும் யோசனை சொன்னார்கள். கடைக்காரர், “இப்பவே திருப்பிடலாம், அடுத்த சைஸ் கூட நம்மகிட்ட இருக்கு” என்றார். அடுத்த இருக்கையை விற்பதற்கு அடிபோடுகிறார் என்று நினைத்தேன். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வேறு விதமாகத் தொடங்கினார்.

“தவள மாதிரி கால மடக்கி வச்சிருக்கு பாரு. புள்ளைக்கி முட்டி வலிக்காது? அதுவும் முன்னால பிள்ளையார வச்சிட்டு, அவருக்கு முதுகு காட்டிக்கிட்டே போவுது.”

காரின் முன்பலகையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவரை ஒட்டிவைத்ததும் அண்ணிதான்.

“பிள்ளையாரு கோவிச்சிக்க மாட்டாரு அண்ணி. அவரும்தான் நமக்கு முதுகு காட்டிக்கிட்டு ரோட்ட பாத்துக்கிட்டு இருக்காரு.”

“படிச்சவகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா லா” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. தடத்தைப் பார்த்தவுடன் நினைவுக்கு வந்தது அதுதான்.

ஏனென்றால் வார நாட்களில் என் மகள் அண்ணியிடம்தான் இருக்கிறாள். நாங்கள் இருப்பது புக்கிட் பெருந்துங்கில். காலை ஆறரைக்கு என் தொழிற்சாலை வேன் வந்துவிடும். நான் கிளம்பி அரை மணி நேரம் கழித்து என் கணவர் பிள்ளையை இருக்கையில் கட்டி, செரண்டாவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, அங்கேயே பக்கத்தில் இருக்கும் தன் தொழிற்சாலைக்குப் போவார். மாலையிலும் அவர்தான் அழைத்துவருவார். ஆகவே திங்கள் முதல் வெள்ளிவரை அந்த இருக்கை ஓடும்போது நான் பார்ப்பதே இல்லை.

“முன்சீட்டு முதுகுல புள்ளயோட கால் தடம் எப்படி வந்துச்சி?” என்று கணவரைக் கேட்டேன்.

அவர் ரொட்டிச்சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “எறக்கும்போது பட்டிருக்கும்.”

“எறக்கும்போது எப்படி நேரா பதியும்? நெத்தில பொட்டு வச்ச மாதிரி இருக்கு.”

“நீ வேற. காருன்னா அழுக்குப்படும், கழுவத்தானே செய்யிற?”

அவர் பொய் சொன்னால் வாக்கியம் நீளும். இது நீண்டிருந்தது. நான் வேறொன்றும் கேட்கவில்லை. காருக்குத் திரும்பிப்போய்ப் பிள்ளையின் இருக்கையைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். நான் கட்டியிருந்ததைவிடத் தளர்வாக ஆடியது.

எங்கள் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், வெட்டிய குலையின் காம்பில் மெழுகுப் பென்சிலால் தங்கள் நம்பரை எழுதிவைப்பார்கள். பழுக்காத காயை யாராவது வெட்டியிருந்தால், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் காம்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். என் அப்பா இன்றும் குலை வெட்டுகிறார். அவர் நம்பர் இருபத்தேழு. சின்ன வயதில் நான் முதலில் எழுதிப் பழகிய எண்ணும் அதுதான். வீட்டில் கிடந்த பென்சில் துண்டை வைத்துக் கதவு, வாளி, சுவர் எல்லாவற்றிலும் இருபத்தேழு என்று எழுதி அடி வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் இருக்கையைக் கழற்றி, கையேட்டில் உள்ளபடி மறுபடியும் பின்னோக்கிக் கட்டினேன். முழங்காலால் அழுத்தி, காரின் பெல்ட்டை இழுத்து, நீலக் கொக்கிக்குள் விட்டேன். பின்னோக்கி வைத்தால் நீலக் கொக்கி, முன்னோக்கி வைத்தால் சிவப்புக் கொக்கி. பிறகு பெல்ட்டின் உள்பக்கத்தில், நீலக் கொக்கியை விட்டு அது வெளியே வரும் இடத்தில், வெள்ளை மெழுகுப் பென்சிலால் ஒரு சின்ன அடையாளம் வைத்தேன். கொக்கியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். யாராவது கழற்றி மாட்டினால், திரும்ப அதே இடத்தில் வந்து நிற்காது. கை தானாக எழுதியது இருபத்தேழு.

திங்கட்கிழமை மாலை என் கணவர் குளிக்கப் போனதும் காருக்குப் போனேன். இருக்கை பின்னோக்கித்தான் இருந்தது. பெல்ட்டைப் புரட்டினேன். இருபத்தேழு, கொக்கியிலிருந்து மூன்று விரல் தள்ளி இருந்தது.

செவ்வாய் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அன்று மாலை இரண்டு விரல். புதன், நான்கு விரல்.

அதாவது தினமும் இரண்டு முறை. நான் போன பிறகு திருப்புவது, நான் வருவதற்கு முன் திருப்பி வைப்பது. இவ்வளவு சிரமப்பட்டு என்னிடம் ஒளிக்கிறார்கள். ‘அவர்கள்’ என்று மனம் பன்மையில்தான் சொன்னது. அக்கா சொல்ல, தம்பி செய்கிறார். நான் படித்தது, சொன்னது எல்லாம் வீட்டு வாசலோடு சரி. சாப்பாடு மேசையில் அவர் பிள்ளைக்குப் பருப்புச் சோறு ஊட்டுவதைப் பார்த்தபோது, இந்த மனிதரை நம்பித்தான் பிள்ளையைத் தினமும் பழைய ரோட்டில் லோரிகளுக்கு நடுவே அனுப்புகிறேன் என்று தோன்றியது. அதைக் கேட்டுவிட்டு, அவர் மறுத்துவிட்டால் பிறகு என்ன செய்வது? கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வேன் செரண்டாவைக் கடக்கும்போது இறங்கிக்கொண்டேன். எனக்குத் தலைவலி என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணி வீட்டுச் சந்தின் முனையில் ஒரு மாமரம் இருக்கிறது. அதன் பின்னால் நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“ஏம்மா, மரத்துக்குப் பின்னால என்னா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிற? ஹேண்ட்பேக் வெளிய தெரியுது!”

அண்ணி கேட்டுக்கு வெளியே விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் பையைச் சரிசெய்துகொண்டு நடந்தேன்.

“வேலைக்கிப் போவலியா?”

“தலைவலி அண்ணி.”

“தலைவலிக்கி செரண்டால என்னா மருந்து வச்சிருக்கோம்? உள்ள வா லா, கோப்பி போடறேன்.”

என்னை உள்ளே கூப்பிடுவது கார் வருவதை நான் பார்க்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். “இங்கயே நிக்கிறேன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். “ஓ, பிடிக்க வந்திருக்கியா?” என்றார். குரலில் கேலி இருந்தது, பயம் இல்லை. அது எனக்குப் புரியவில்லை.

கார் சந்துக்குள் திரும்பியது. முன்கண்ணாடி வழியாக, என் கணவரின் தோளுக்குப் பக்கத்தில், என் மகளின் முகம் தெரிந்தது. முன்னோக்கி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு காலாலும் முன் இருக்கையை உதைத்துக்கொண்டு கத்தினாள். அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

நான் பின்கதவைத் திறந்தேன். “யாரு சொல்லி இது? நீங்களா, இவங்களா?”

“என்னய எதுக்கு இழுக்குற?” என்றார் அண்ணி. “பிள்ளையாருக்கு முதுகு காட்டுதுன்னு ஒரு வார்த்த சொன்னேன், இல்லன்னு சொல்லல. அதுக்காவ இவன் தெனம் சீட்ட கழட்டி மாட்டுவானா? பாத்திரம் கழுவ சொன்னாலே காதுல வாங்க மாட்டான். டேய், நீயே சொல்லு. அன்னைக்கே சொல்லுன்னேன்.”

“என்னைக்கி?” என்றேன்.

அவர் இறங்கி வந்தார். என்னைப் பார்க்காமல் பிள்ளையின் காலணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

“மூணு வாரம் ஆச்சி. பழைய ரோட்ல வந்துக்கிட்டு இருந்தோம். பாடிக்கிட்டே வந்தா. அப்புறம் சத்தம் இல்ல. தூங்கிட்டான்னு நெனச்சேன். அவ மூஞ்சிதான் எனக்குத் தெரியாதே, சீட்டோட முதுகுதான் தெரியும். சிக்னல் லைட்ல நிக்கும்போது சும்மா கைய பின்னால விட்டேன். எப்பவும் என் விரல பிடிப்பா. பிடிக்கல. கை வெறச்சிப் போயிருந்துச்சி.”

அவர் காலணியிலிருந்து கையை எடுத்தார். பிறகு மிச்சத்தை வேகமாகச் சொல்லி முடித்தார். பச்சை லைட் விழுந்தும் போகாமல் காரை ரோட்டோரம் ஏற்றியது, பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தது, கதவைத் திறந்தால் பிள்ளையின் உதடு கறுத்திருந்தது, குப்புறப் பிடித்து முதுகில் தட்டியது, வெளியே வந்து விழுந்தது.

“என்னா வெளிய வந்துச்சி?”

“பிஸ்கட்டு.”

“பிஸ்கட்ட யாரு குடுத்தா?” என்று அண்ணியின் பக்கம் திரும்பினேன். அப்போதும் திரும்பினேன்.

“நீ டப்பாவுல போட்டு வைக்கிறியே, அது” என்றார் என் கணவர்.

காரில் அழாமல் வர வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு சின்ன டப்பாவில் மூன்று பிஸ்கட் போட்டு, மகளின் கையில் கொடுக்கும்படி வைத்துவிட்டுப் போகிறவள் நான். மூன்று வாரத்துக்கு முன்பும் போட்டேன். அன்று காலையும் போட்டிருந்தேன். டப்பா திறக்கப்படாமல் முன்சீட்டில் கிடந்தது. மாலையில் ஏன் டப்பா காலியாகவே வருகிறது என்று சந்தேகப்பட எனக்குத் தோன்றியதே இல்லை.

“ஃபேக்டரில நான்தான் தின்னுறேன்” என்றார் அவர். “ஒங்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சி போயிருவ. அதான். மூஞ்சி தெரிஞ்சா போதும்னு திருப்பிட்டேன். கண்ணாடில பாத்துக்கிட்டே வரலாம்.”

அண்ணி என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “நானாவது சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா ஒங்கிட்ட பேசறதுக்குப் பயமா இருக்கும்மா. ஒண்ணு சொன்னா ஒம்போது கேள்வி கேப்ப. எழுதி வேற வச்சிக்குவ.”

என் கணவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார். நான் அண்ணி வீட்டு முன்னறையில் ஆறிப்போன கோப்பியோடு உட்கார்ந்திருந்தேன். மகள் என் கைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். என்ன எடுத்தாலும் வாயை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “அது ஒண்ணும் செய்யாது, விடு” என்று அண்ணி சொல்லும்போதெல்லாம் நம்பவில்லை. அவரும் சொல்லிவிட்டுத் தானும் எட்டிப் பார்த்தார்.

மாலை ஐந்தரைக்கு என் கணவர் வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. கார்க் கதவுகளை எல்லாம் திறந்துவைத்து, பின்சீட்டில் இரண்டு பேரும் இருக்கைக்கு இரு பக்கமும் உட்கார்ந்தோம். நான் முன்சீட்டின் அடியில் இருந்த கையேட்டை எடுத்தேன். ஒன்றரை வருடமாக அது எங்கள் காரில் இருக்கிறது. அவர் கையில் நான் கொடுத்ததே இல்லை. படித்து முடித்து, இப்படிச் செய்யுங்கள் என்று சொன்னேன். லயத்தில் கடிதம் படித்துச் சொன்னது போலத்தான்.

இம்முறை ஒவ்வொரு வரியையும் படித்தேன். அவர் விரலால் படத்தைத் தொடர்ந்தார். முன்னோக்கி வைத்தால் இருக்கையின் தலைப்பக்கத்துப் பட்டையைக் காரின் பின்புறக் கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும் என்று ஒரு படம் இருந்தது.

“எந்தக் கொக்கி?” என்றார்.

இரண்டு பேரும் தேடினோம். எங்கள் பழைய காரில் அப்படி ஒரு கொக்கியே இல்லை. மூன்று வாரமாக அந்தப் பட்டை இருக்கைக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் அதைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்தக் கணத்தை நேர்மைக்காக இங்கே எழுதுகிறேன். அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

“இது என்னா?” என்று அவர் அடுத்த பக்கத்தைக் காட்டினார். பின்னோக்கி இருக்கும்போது தோள்வார் எந்த உயரத்திலிருந்து வர வேண்டும் என்ற படம். தோளுக்குச் சற்றுக் கீழே, ரொம்பக் கீழே அல்ல. நான் அதை அவள் பத்து மாதமாக இருக்கும்போது சரிசெய்தேன். அதன்பிறகு தொடவில்லை.

“தோள் ரெண்டுலயும் செவந்து கெடக்கும். எறக்கும்போதெல்லாம் தேங்காண்ணெ தடவுறேன். புக்க மூணு தடவ படிச்ச, புள்ளயோட தோள பாக்கலியா?”

தோள்வாரும் கூடவே ஏறும்படி இருக்கையின் தலைப்பக்கத்தை மேலே தூக்கினேன். மூன்று படி ஏற வேண்டியிருந்தது. மகளை உட்கார வைத்துக் கட்டியதும் அவள் காலை மடக்கிக்கொண்டு, தவளை போலவேதான், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். முட்டி வலிக்கிறவள் முகமாக அது இல்லை.

நூற்றைந்து சென்டிமீட்டர் வரும்வரை பின்னோக்கித்தான். காரில் தின்பதற்கு எதுவும் கிடையாது. இரண்டையும் சேர்ந்தே முடிவு செய்தோம். அழுதால் அழட்டும், அழுகை கேட்டால் மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம் என்றார் அவர். அவள் முகம் தெரிவதற்குப் பின்சீட்டின் தலையணையில் கட்டும் உடையாத கண்ணாடி கடையில் கிடைக்கும் என்றேன். அண்ணி உள்ளே ஓடிப்போய்த் தன் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் “வேணாம்!” என்று கத்தினோம்.

“நல்லதுக்குக் காலம் இல்ல லா” என்று அவர் அதில் தன் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கோலா சிலாங்கூர் பக்கம் அப்பாவைப் பார்க்கப் போனோம். புதுக் கண்ணாடி வழியாக ஒரு சின்ன முகம் வழி முழுக்க எங்களோடு வந்தது. வீட்டு வாசலில் நின்ற காருக்குள் அப்பா பேத்தியைத் தூக்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். புரண்டு கிடந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இது என்னா அம்மாடி? என் நம்பரு இங்க எப்படி வந்துச்சி?”

காலணித் தடத்தை வைத்துக் கண்டுபிடித்ததாகத்தான் என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். மெழுகுப் பென்சிலைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

அவர் பெல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இந்த நம்பர எதுக்கு எழுதுவாங்க மாமா?”

“குலையில எழுதுறது மாப்ள. காய வெட்டிட்டா ஆள பிடிக்கணுமில்ல? மறுநா காலைல பெரட்டுக் களத்துல, பேரு கூப்பிடற எடத்துல, எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சி வாங்கு வாங்குன்னு வாங்குவானுங்க.”

“ஓ” என்றார் என் கணவர். “அப்ப நான் காய வெட்டிட்டேன் மாமா. செரண்டால, மாமரத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சி வாங்கிட்டா.”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துவைத்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோழிகளைக் காட்டப் போனார். என் கணவர் சிரிக்கவில்லை.

“எத்தன நாளு எழுதின?”

“மூணு நாளு.”

“மொத நாளே கேட்டிருக்கலாம்.”

“கேட்டேன். எறக்கும்போது பட்டிருக்கும்னு சொன்னீங்க.”

அவர் பெல்ட்டை என் பக்கம் நீட்டினார். அந்த மூன்று நாளும் நான் மறுபடி கேட்கவில்லைதான். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். இரண்டு போய்விட்டது, ஏழு மங்கலாக நின்றது. இன்றும் இருக்கிறது.

திரும்பும்போது இருக்கையை அவர் கட்டினார். அப்பா கொடுத்த வாழைத்தாரைப் பின்னால் வைப்பதற்காகக் கழற்ற வேண்டியிருந்தது. முழங்காலால் அழுத்தி, நீலக் கொக்கிக்குள் பெல்ட்டை விட்டு, இழுத்து, மகளை உட்காரவைத்து, தோள்வாரின் உயரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகினார். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அசைத்துப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன். ஆடவில்லை. நான் கையை எடுத்ததும், அவரும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தார்.